மின்னுவது என்றொரு பண்டம்

அருங்காட்சியகங்களில் ‘ஃபயான்ஸ்’ என்று எழுதிவைத்திருக்கும் எகிப்திய நீலப் பொருள்களுக்கு அந்தப் பெயர் பொருந்தவே பொருந்தாது. இத்தாலியின் ஃபயென்சா நகரத்தில் மறுமலர்ச்சிக் காலத்தில் பெயர்பெற்ற, வெள்ளீய மெருகிட்ட களிமண் பாண்டங்களுக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் அது. மெருகின் சாயலைப் பார்த்துப் பிற்கால ஐரோப்பியர் அதை எகிப்துக்கும் ஒட்டிவிட்டார்கள். எகிப்தியப் பண்டத்தின் உடலோ இடித்த படிகக்கல் தூள் அல்லது மணல். அதோடு கொஞ்சம் சுண்ணாம்பு, நேட்ரான் உப்பு அல்லது செடிச் சாம்பல், நிறத்துக்குச் செம்பு. செய்முறைகளில் ஒன்று வியப்பானது: பிசைந்து உருக்கொடுத்ததை உலரவிட்டால் உப்பு தானே மேலே பூத்து வரும், சூளையில் அது உருகிக் கண்ணாடிப் படலமாகிவிடும்.

எகிப்தியர் இதைச் ‘செஹெனெத்’ என்றார்கள். மின்னுதல் என்பதே அதன் வேர். மன்னன் மூன்றாம் அமென்ஹோதெப் தன்னை ‘ஒளிவீசும் ஞாயிற்று வட்டு’ என்று சொல்லிக்கொண்டதும் அதே வேரால்தான். இச்சொல்லில் மண்ணும் இல்லை, நீலமும் இல்லை. கண்ணாடியைக்கூட இதே சொல்லால் குறித்திருக்கிறார்கள். ஆக, பண்டத்தின் பெயர் செய்பொருளிலிருந்து வரவில்லை, ஒளியிலிருந்து வந்தது.

இதற்கு மறுப்பு உண்டு. டர்க்காய்ஸ், லாபிஸ் லசுலி என்ற நீல மணிக்கற்கள் கிடைக்காதவர்களின் மலிவுப் போலிதானே இது? எகிப்தியரே லாபிஸில் ‘உண்மையானது’, ‘செய்தது’ என்று பிரித்துப் பேசினார்களே? போலிசெய்யும் நோக்கம் இருந்தது உண்மைதான். அது மட்டுமே நோக்கம் என்பதைத்தான் ஏற்க முடியாது. ஜோசர் மன்னனின் பெயர் சினாயின் டர்க்காய்ஸ் சுரங்கப் பகுதியான வாதி மகாராவில் பாறையில் செதுக்கப்பட்டிருக்கிறது. கல்லுக்கு வழியற்றவனல்லன் அவன். ஆனாலும் சக்காராவில் அவனுடைய படிப் பிரமிடுக்குக் கீழே நிலவறைச் சுவர்களில் 36,000-க்கும் மேற்பட்ட நீலப்பச்சை ஓடுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் துளையிட்ட புடைப்பு. அதில் கயிறு கோத்துச் சாந்தில் பதித்தார்கள். அத்தனை கல்லுக்கு எங்கே போவது, எனவே இதுவும் பதிலிதான் என்று வாதிடலாம். ஆனால் அந்த வரிசைகள் நடித்துக்காட்டுவது கல்லை அல்ல, அரண்மனையில் தொங்கிய நாணற்பாய்களை. மெதினெத் ஹபுவில் மன்னன் மூன்றாம் ராம்செஸ் பதித்த ஓடுகளிலோ நூபியர், சிரியர், லிபியர் என்று கட்டுண்ட கைதிகள். மேனிக்கொரு நிறம், ஆடைக்கொரு பூவேலை. அவை எந்த மணிக்கல்லின் போலி?

இப்போது சில வல்லுநர்கள் ‘மெருகிட்ட கலவை’ என்று எழுதுகிறார்கள். ஃபயென்சாவின் பிழை அதில் இல்லை. ஆனால் அமென்ஹோதெப் தன் பட்டத்துக்கே எடுத்துக்கொண்ட அந்த மின்னுதலும் அதில் இல்லை.