ரேடியேட்டர் மூடிமேல் ஒரு வெப்பமானி

பழைய லோரிகள் சிலவற்றில், டேஷ்போர்டுக்குக் கீழே, மற்ற மீட்டர்களோடு ஒட்டாமல் தனியாக ஒரு சின்ன வட்ட மீட்டர் திருகப்பட்டிருக்கும். எஞ்சின் தண்ணீரின் சூட்டை டிகிரி கணக்கில் காட்டுவது அது. கம்பெனி வைத்த சூட்டு மீட்டர் மேலேயே இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டால், ஓட்டுபவர்களிடம் அநேகமாக ஒரே பதில்தான் கிடைக்கும்: "அத நம்ப முடியாதுங்க." இந்த அவநம்பிக்கைக்கு 100 வயதுக்கு மேல் ஆகிறது. இன்னும் சொல்லப்போனால், எஞ்சின் சூட்டைக் காட்டும் கருவியை முதலில் பரவலாக்கியது கார் கம்பெனிகள் அல்ல. வெளியாள் ஒருவர் செய்து கடையில் விற்ற உதிரிப்பொருள்தான் அது.

ஃபோர்டு மாடல் டி 1908இல் வந்தது. முதல் 2,500 வண்டிகளில் தண்ணீர் பம்ப் இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டார்கள். சுட்ட தண்ணீர் மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும், அந்தச் சுழற்சி போதும் என்பது கணக்கு. சமதரையில் போதும்தான். 1917இல் அதே எஞ்சினை ஒரு டன் பாரம் சுமக்கும் மாடல் டிடி லோரியில் வைத்தார்கள். ஏற்றத்தில் பாரத்தோடு நடை வேகத்தில் போகும் வண்டிக்கு முன்னால் காற்றும் குறைவு, உள்ளே வேலையும் அதிகம். டேஷ்போர்டில் சூட்டைக் காட்ட ஒன்றும் கிடையாது. மூடியிலிருந்து ஆவி கிளம்பினால் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அதற்குள் எஞ்சினுக்கு ஆக வேண்டியது ஆகியிருக்கும்.

1912இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கர் ஹாரிசன் பாய்ஸ் செய்தது மிக எளிமையான காரியம். ரேடியேட்டர் மூடியில் ஒரு வெப்பமானியை நட்டு வைத்தார். முகம் ஓட்டுநரைப் பார்த்திருக்கும். கண்ணாடிக் குழாயில் சிவப்புத் திரவம் ஏறுவதை இருக்கையிலிருந்தே பார்க்கலாம். பெயர் பாய்ஸ் மோட்டோமீட்டர். நியூயார்க்கின் லாங் ஐலண்ட் சிட்டியில் தொழிற்சாலை. என்னை யோசிக்க வைப்பது அதன் வடிவம் அல்ல, அது எதை அளந்தது என்பதுதான். வெப்பமானியின் முனை தண்ணீருக்குள் முங்கியிருக்காது. தண்ணீருக்கு மேலே உள்ள ஆவியில் நிற்கும். ரேடியேட்டர் ஒழுகி மட்டம் இறங்கினாலும் எஞ்சினிலிருந்து வரும் ஆவி முனையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பின்னால் வந்த மீட்டர்களைப் பார்த்தால்தான் புரியும்.

கார் கம்பெனிகளே தங்கள் சின்னம் பதித்த மோட்டோமீட்டர்களை வாங்கிப் பொருத்த ஆரம்பித்தன. இறக்கை வைத்த மூடி, திருடர்களுக்காகப் பூட்டு வைத்த மூடி என்று ஒரு பெரிய சந்தை. இன்று பழம்பொருள் சேகரிப்பவர்கள் அந்த அலங்காரத்தைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை.

1920களின் பிற்பகுதியில் மீட்டர் மூடியிலிருந்து இறங்கி டேஷ்போர்டுக்குள் வந்தது. வழி காட்டியது நீராவிக் காலத்துக் கருவி ஒன்று. 1849இல் பாரிசில் யூஜின் பூர்தோன் காப்புரிமை பெற்ற அழுத்தமானி. உள்ளே வளைந்த தட்டைக் குழாய் ஒன்று இருக்கும். அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும், ஊசி நகரும். எஞ்சினில் செருகிய உலோகக் குமிழுக்குள் ஈதர் போன்ற சீக்கிரம் ஆவியாகும் திரவத்தை அடைத்து, முடி போன்ற செம்புக் குழாயால் அதை மீட்டரோடு இணைத்தார்கள். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். குமிழ், குழாய், மீட்டர் மூன்றும் ஒரே உடல். குழாயை வெட்டினால் திரவம் போய்விடும், மீட்டர் செத்தது. அதனால்தான் இதைப் பொருத்துகிற போமேன், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகட்டில் குழாய் அளவுக்கு அல்ல, குமிழ் அளவுக்கு ஓட்டை போடுவார். மிச்சக் குழாயை வெட்டாமல் வளையமாகச் சுற்றிக் கட்டுவார். அந்த வளையம் எஞ்சின் அதிர்வையும் வாங்கிக்கொள்ளும்.

பிறகு விளக்கு வந்தது. 1930களில் அமெரிக்காவின் ஹட்சன் கம்பெனி ஆயில் அழுத்தத்துக்கும் பேட்டரி சார்ஜுக்கும் மீட்டரை எடுத்துவிட்டு எச்சரிக்கை விளக்கு வைத்தது. பிற்காலத்தில் சூட்டுக்கும் அதே கதி. அமெரிக்க ஓட்டுநர்கள் அதற்கு வைத்த பெயர் 'முட்டாள் விளக்கு'. மீட்டரைப் பார்க்கும் பழக்கமே இல்லாதவருக்கு விளக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் விளக்குக்கு இரண்டு நிலைதான் தெரியும். 85இலிருந்து 100க்கு மெல்ல ஏறிய அரை மணி நேரத்தைப் பற்றி அது வாயே திறக்காது.

மீட்டர் வைத்தவர்களும் ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக மழுக்கினார்கள். 1960களின் பிரிட்டிஷ் வண்டிகளில் இருந்த ஸ்மித்ஸ் மின் மீட்டர்கள் வேண்டுமென்றே மெதுவாக நகர்பவை. 10 வோல்ட் தரும் ஒரு சின்ன ஸ்டெபிலைசர் சூட்டு மீட்டர், எண்ணெய் மீட்டர் இரண்டுக்கும் பொது. அதன் எர்த் விட்டுப்போனால் இரண்டு ஊசியும் சேர்ந்து ஏறும். தெரிந்தவர் எஞ்சினைத் தொடாமல் ஸ்டெபிலைசரைப் பார்ப்பார். இன்னும் பிந்தி வந்த வண்டிகள் பலவற்றில் ஊசிக்கு நடுவில் ஒரு தூக்க மண்டலம் இருக்கிறது. தண்ணீர் 80இல் இருந்தாலும் 100ஐத் தொட்டாலும் ஊசி நடுவிலேயே நிற்கும். ஊசி ஆடினால் வாடிக்கையாளர் பயந்து வண்டியைத் திருப்பிக் கொண்டுவருகிறார் என்பது கம்பெனிகள் பக்க நியாயம். மாஸ்டா எம்எக்ஸ்-5இல் 1995இலிருந்து ஆயில் மீட்டருக்கும் இதே வைத்தியம். அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும் விளக்கு அது, ஊசி வேஷத்தில்.

நம் ஊர்க் கணக்கு ஒன்றையும் போட்டுப் பார்ப்போம். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் பாதை 1931இல் திறந்தது. மேலே போ தேயிலைத் தோட்டம் 1929லேயே ஆரம்பம், தமிழர் உழைப்பில். சுமார் 60 கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,400 மீட்டர் ஏற்றம். அந்த உயரத்தில் திறந்த பானையில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மாடல் டி காலத்து ரேடியேட்டர்களுக்கு அழுத்த மூடி கிடையாது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சமவெளியில் கொதிக்காத எஞ்சின் மேலே போகப் போகக் கொதிக்கும். பின்னால் வந்த அழுத்த மூடி கொதிநிலையை 120 டிகிரி வரை தள்ளிவைத்தது. ஆனால் மூடியின் ரப்பர் காய்ந்துபோன பழைய லோரிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஹெட் காஸ்கெட் போனால், ஹெட் வளைந்தால், சொந்த லோரி வைத்திருப்பவருக்கு அது ரிப்பேர் செலவோடு முடிவதில்லை. வண்டி ஒர்க்ஷாப்பில் நிற்கும் நாளெல்லாம் வருமானம் இல்லை, தவணை மட்டும் நிற்காது.

இன்றைய உதிரி மீட்டர் பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடுவது. பொருத்துவது சுலபம், தப்பாகப் பொருத்துவது அதைவிடச் சுலபம். ஒற்றை வயர் சென்சாருக்கு எஞ்சின் உடம்புதான் எர்த். ஒழுகக்கூடாதென்று மரையில் வெள்ளை டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் எர்த் அறுந்து மீட்டர் குறைத்துக் காட்டும். எஞ்சினில் ஓட்டை கிடைக்காமல் மேல் ஹோஸை வெட்டி நடுவில் அலுமினியத் துண்டு வைப்பவர்கள் உண்டு. இரண்டு பக்கமும் ரப்பர், எர்த்துக்கு வழியில்லை. அந்தத் துண்டிலிருந்து எஞ்சினுக்குத் தனி வயர் இழுக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள ஹோஸ் என்றால் அது திறக்கும்வரை ஊசி அசையாது. "நம்ம ஊரு சூட்டுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு" என்று கழற்றி எறிபவர்களைத் திருத்துவது கஷ்டம். மீட்டர் இருந்தால் அவர்களே பார்த்துக்கொள்ளலாம், இறக்கத்தில் எஞ்சின் வேலைச் சூட்டுக்கே வராமல் 60இல் கிடப்பதை.

ஒன்றை மட்டும் இந்த மீட்டரும் சரியாகச் சொல்லாது. ஹோஸ் வெடித்துத் தண்ணீர் மொத்தமும் கொட்டிவிட்டால், சென்சார் வெறும் காற்றில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போது ஊசி நின்ற இடத்திலேயே நிற்கும், சில சமயம் இறங்கவும் செய்யும். பாய்ஸ் முனையை ஆவியில் வைத்ததன் புத்திசாலித்தனம் இங்கேதான் தெரிகிறது. விவரம் தெரிந்த போமேன் இதற்காக இரண்டாவது சென்சார் ஒன்றை ஹெட் போல்ட்டுக்கு அடியில் வளையமாக மாட்டி, உலோகத்தின் சூட்டையே அளக்கிறார். உலோகத்தின் கணக்கு வேறு, தண்ணீரின் கணக்கு வேறு. அதனால் மாட்டிய முதல் வாரம், பாரம் இல்லாமல், பாரத்தோடு, மழையில், ஏற்றத்தில் என்று ஊசி எங்கே நிற்கிறது எனப் பார்த்து, மீட்டர் கண்ணாடியில் ஓரமாக ஒரு துண்டு டேப் ஒட்டி வைப்பார்கள்.