வேட்டி, கைலி: எதை எடுப்பது, எப்படிக் கட்டுவது?

பொங்கலோ தைப்பூசமோ நெருங்கிவிட்டால் மலாக்கா பட்டணத்தில் ஜாலான் பெண்டஹாரா பக்கம் போகிற இளைஞர்கள் பலர் கேட்பது ஒட்டு வேட்டிதான். இடுப்பில் வெல்க்ரோ, பக்கத்தில் கைப்பேசி வைக்க ஒரு பை, அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிக்கூடக் கலைநிகழ்ச்சிக்கும் ஒரு மணி நேர விருந்துக்கும் அது போதும். ஆனால் வேட்டி கட்டியே ஆக வேண்டிய சில நேரங்களில் ஒட்டு வேட்டி உதவாது. அந்த நேரம் முன்கூட்டியே சொல்லிக்கொண்டும் வராது.

முதலில் அளவு. ஒரு முழம் என்பது 18 அங்குலம். நாலு முழ வேட்டி ஏறக்குறைய 1.83 மீட்டர், ஒற்றைச் சுற்று. எட்டு முழம் 3.66 மீட்டர். இதை இரண்டாக மடித்து இரட்டையாகக் கட்டுவார்கள். கல்யாணம், கோயில், சபை என்றால் எட்டு முழம்தான் மரியாதை. துணி இரட்டையாக இருப்பதால் உள்ளே தெரியாது, நடக்கும்போதும் நன்றாக விழும். ஐயர் கட்டும் பஞ்சகச்சத்துக்கு இன்னும் நீளம் வேண்டும். பழகாதவர்கள் அதைக் கடையில் ஆசைப்பட்டு வாங்கி வந்து வீட்டில் பெட்டியில் வைத்துவிடுவதுதான் அதிகம்.

இடுப்பு பெரியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எட்டு முழமும் மடித்த பிறகு நாலு முழச் சுற்றுதான். எனவே 'எட்டு முழம் எடுத்தால் தாராளமாக இருக்கும்' என்று நினைப்பது தவறு. அட்டையில் மீட்டர் கணக்கு போட்டிருப்பார்கள். 3.6 மீட்டருக்கும் 4 மீட்டருக்கும் உள்ள வித்தியாசம், கட்டும்போது 20 சென்டிமீட்டராக உதவும்.

அடுத்தது நூல். அட்டையில் 40, 60, 80, 100 என்று இருக்கும் எண் நூலின் மென்மையைக் குறிக்கும். எண் கூடக் கூட நூல் மெல்லியது, துணி வழுவழுப்பு, விலையும் கூடும். ஆனால் 100 எண் நூலில் ஒற்றை வேட்டி எடுத்து, அது நனைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பால்குடம் எடுப்பவர்கள், ஈமக்கடன் செய்பவர்கள், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டியவர்கள் கொஞ்சம் கனமான துணியாகவே எடுப்பது நல்லது. உள்ளே அரைக்கால் சட்டை அவசியம்.

பருத்திதானா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீயில் காட்டுங்கள். பருத்தி, காகிதம் எரிவது போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். தீமிதி இறங்குபவர்களும் ஹோமத்துக்கு முன் உட்காருபவர்களும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உருகும் துணி தோலில் ஒட்டிக்கொண்டால் புண் ஆழமாகும். மஞ்சள் வேட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுப்பவர்கள் துணியைப் பார்த்துவிட்டு நிறத்தைப் பாருங்கள்.

இனி கட்டுவது. கால்களைச் சற்று அகட்டி நின்று, வேட்டியை முதுகுக்குப் பின்னால் விட்டு, இரண்டு முனைகளையும் முன்னால் பிடியுங்கள். கீழ்க்கரை கணுக்காலைத் தொட வேண்டும், தரையைத் தொடக் கூடாது. வலது முனையை இடது இடுப்புக்குக் கொண்டுபோய் இறுக்கிப் பிடியுங்கள். இடது முனையை அதன் மேல் வலது பக்கமாகக் கொண்டுவந்து, வயிற்றை லேசாக உள்ளிழுத்து, மேல் விளிம்பை வெளிப்பக்கமாக இரண்டு மூன்று முறை சுருட்டுங்கள். கரை வலப்பக்கம் நேராக இறங்கினால் சரி. மூச்சை விட்டதும் சுருட்டு தானாக இறுகும். கால் அகட்டாமல் கட்டினால் படி ஏற முடியாது. வேட்டி அவிழ்வதற்குப் பெரும்பாலும் காரணம் கட்டு தளர்ந்தது அல்ல, நடக்க இடம் விடாமல் கட்டியதுதான். பயமாக இருந்தால் மேலே ஒரு பெல்ட் போட்டுக்கொள்ளலாம். அதில் வெட்கம் இல்லை, நம் தாத்தாக்களும் பச்சை பெல்ட் போட்டவர்கள்தான்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டும்? இழவு வீட்டில் பார்த்திருப்பீர்கள். அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டிய பையன், தோளில் குடத்தோடு, ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டே சுற்றி வருவான். சித்தப்பாவோ மாமாவோ யாராவது பின்னாலேயே போய் இழுத்துச் செருகுவார்கள். அந்த நாளில் அவன் மனம் வேட்டியில் இருக்கக் கூடாது. ஒட்டு வேட்டி ஈரத்தில் கனத்துப் பிரிந்துகொள்ளவும் கூடும். கரையில்லாத, அல்லது மெல்லிய கரை போட்ட வெள்ளை நாலு முழம் ஒன்று வீட்டில் இருக்கட்டும். மகன்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டக் கற்றுக்கொடுங்கள். பத்து முறை கட்டி அவிழ்த்தால் கை பழகிவிடும்.

மடித்துக் கட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. வேலை செய்யும்போது, மழையில் நடக்கும்போது மடிக்கலாம். பெரியவர் எதிரே வந்தால் இறக்கிவிடுவது தோட்டத்து வழக்கம். சாமி முன்னால் மடித்துக் கட்டி நிற்பது கூடாது. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் மட்டும் மரியாதை பார்க்காமல் நன்றாக மடித்துச் செருகிக்கொள்ளுங்கள். சங்கிலியும் பின்சக்கரமும் துணியை இழுத்துவிடும். சிலுவாரில் போய் கோயில் வாசலில் மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது.

கைலிக்கு வருவோம். மலாய்க்காரர் 'காயின் பெலிகாட்' என்று சொல்லும் கட்டம் போட்ட துணியின் பெயர், சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டிலிருந்து வந்தது. அந்த ஊரை வெள்ளைக்காரர்கள் புலிகாட் என்றார்கள். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களின் சோழமண்டலக் கரை வாணிபத்துக்கு அது முக்கியத் துறைமுகம். அதே டச்சுக்காரர்கள் 1641இல் மலாக்காவைப் பிடித்தார்கள். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, மலாக்கா சுல்தான்கள் ஆண்ட நாட்களிலேயே, நம் கரைத் துணி இங்கே வந்துகொண்டிருந்தது. அந்த வணிகர் வழி வந்தவர்கள்தான் காஜா பேராங் மலாக்கா செட்டிகள். மலாய் பேசி, சைவம் போற்றி, பெண்கள் சாரோங் கெபாயா உடுத்தி வாழ்கிறவர்கள். அவர்களுடைய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் 1781இல் எழுந்தது. ஆக, கைலி மலாய்க்காரர் உடையா, நம் உடையா என்று சண்டை போடுவதில் பொருள் இல்லை.

கைலி எடுக்கும்போது மூட்டியதா என்று பாருங்கள். மூட்டாத துணியும் விற்கிறார்கள். கட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் வேறு வடிவம் வந்தால் அதுதான் 'தலை'. ஆண்கள் அதைப் பின்பக்கம் வைத்துக் கட்டுவது இங்குள்ள முறை. உள்ளே இறங்கி நின்று, துணியை ஒரு பக்கமாக இழுத்து, உபரியை முன்னால் மடித்துச் சுருட்டினால் போதும். பால்மரத் தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பால் பட்டுக் காய்ந்தால் கறை போகாது. நல்ல கைலி வீட்டுக்கு, பழைய கைலி காட்டுக்கு.

ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் கில்ட்டும் நமக்குத் தூரத்துச் சொந்தம்தான். இன்றைய தைத்த கில்ட்டுக்கு முன் அவர்கள் கட்டியது தைக்காத நீளத் துணி. அதை மடிப்பு வைத்து உடம்பில் சுற்றி பெல்ட்டால் இறுக்கினார்கள். இன்று முறையான கில்ட் ஒன்றுக்கு எட்டு கஜம் கம்பளித் துணி போகிறது, நம் கணக்கில் 16 முழம். மலாக்காவில் 1910இல் சைம் டார்பியைத் தொடங்கிய இருவரில் வில்லியம் சைம் ஸ்காட்லாந்துக்காரர். அந்த நாட்டில் கிளர்ச்சிக்குப் பிறகு 1746இல் மலைநாட்டு உடையைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 1782இல்தான் தடை நீங்கியது. இப்போது அங்கே கல்யாணத்துக்குக் கம்பளிக் கில்ட், ஊர் சுற்றப் பை வைத்த பருத்திக் கில்ட் என்று இரண்டும் ஓடுகின்றன.

நம் வேட்டிக்கும் வாசலில் தடை போட்டவர்கள் உண்டு. 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க கிளப்பில், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம், பொது இடங்களில் வேட்டிக்குத் தடை போடக் கூடாது என்று சட்டம் இயற்றியது. மீறினால் ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

கடைசியாகப் பராமரிப்பு. வெள்ளை வேட்டியை வண்ணத் துணியோடு இயந்திரத்தில் போடாதீர்கள். கஞ்சி மெலிதாக இருக்கட்டும், தடித்தால் மடிப்பில் துணி வெடிக்கும். ஒட்டு வேட்டியை வெல்க்ரோவை மூடிய பிறகே துவையுங்கள், இல்லையென்றால் மற்றத் துணியின் நூலைப் பிய்க்கும். பட்டு வேட்டியை வெயிலில் காய வைக்காமல், ஜரிகை உள்ளே இருக்கும்படி மடித்துப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றிப் போட்டால் ஜரிகை ஒரே இடத்தில் அறுந்துபோகாது.