வாளுக்குச் சான்று உண்டு, வன்னிக்கு?

பழைய யப்பானிய வாள் ஒன்றை வாங்க வரும் தேர்ந்த சேகரிப்பாளர் முதலில் அதன் பிடியைக் கழற்றிக் காட்டச் சொல்வார். பிடிக்குள் மறைந்திருக்கும் இரும்புத் தண்டிலேதான் கொல்லன் தன் பெயரையும் ஊரையும் உளியால் வெட்டி வைத்திருப்பான். சில வாள்களில் ஆண்டும் இருக்கும். தண்டில் படிந்த துருவை எவரும் தேய்த்துத் துலக்க மாட்டார்கள். அந்தத் துருவின் நிறமே வயதுக்குச் சாட்சி. யப்பானிய இராணுவ பிஸ்டல்களைச் சேகரிப்பவர்களும் இப்படியே நடந்துகொள்கிறார்கள். நம்பு கிஜிரோ வடிவமைத்த 14ஆம் வகைப் பிஸ்டலின் உடலில் அது செய்யப்பட்ட ஆண்டும் மாதமும் பேரரசரின் ஆட்சிக்கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கும். உறுப்புகளில் உள்ள இலக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் அது குலையாத பிஸ்டல். பொருந்தாவிட்டால் மதிப்புச் சரிந்துவிடும். ஆக, இந்தச் சேகரிப்பின் அடியில் கிடப்பது ஒரு விசாரணை: இதை யார் செய்தார், யார் வைத்திருந்தார், யாரிடமிருந்து யார் கைக்கு எப்படி வந்தது? இந்தக் கேள்விகளுக்கு விடை உள்ள ஆயுதம் வரலாற்றுச் சான்று. விடை இல்லாதது வெறும் இரும்பு, அல்லது வென்றவனின் கொள்ளைப்பொருள். இந்த அளவுகோலைப் புதுக்குடியிருப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே என் வாதம்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், நந்திக்கடலுக்கு மேற்கே இருக்கும் ஊர் புதுக்குடியிருப்பு. 2009 ஏப்ரல் தொடக்கத்தில் ஆனந்தபுரத்தில் நடந்த சண்டையோடு இந்தப் பகுதி இராணுவத்தின் கைக்கு முழுமையாகப் போனது. அடுத்த மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. அதன் பிறகு இராணுவம் இங்கே ஒரு வெற்றித் தூபியை எழுப்பியது. விடுதலைப் புலிகளிடமிருந்து கைப்பற்றியவற்றைக் கொண்டு ஒரு காட்சிக்கூடத்தையும் அமைத்தது. கடற்புலிகளின் படகுகள், பாதி மூழ்கி ஓடும் கலங்கள், உள்ளூர்ப் பட்டறைகளில் செய்த மோட்டார்கள், துவக்குகள் என்று வரிசையாக வைக்கப்பட்டன. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக மக்கள் வந்து பார்த்துப் போனார்கள். காட்சி முழுதும் ஒரே செய்தியைத்தான் சொன்னது: இவர்களிடம் இவ்வளவு இருந்தது, நாங்கள் இதை வென்றோம். எந்தப் பட்டறையில், எந்த ஆண்டில், எந்தத் தேவைக்காக, எவருடைய கைவேலையால் இவை உருவாகின, எந்த இடத்தில் எந்த நாளில் யாரிடமிருந்து எடுக்கப்பட்டன என்ற கேள்விகள் அந்தச் செய்திக்குத் தேவைப்படவில்லை.

வென்றவன் தோற்றவனின் ஆயுதத்தைக் காட்டுவது உலக வழமைதானே, இதில் இராணுவத்தை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வன்னியின் சொந்த வரலாறே அந்த வழமைக்குள் இருக்கிறது. 1803இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் இருந்த பிரித்தானியரைத் தாக்கி விரட்டியதைச் சொல்லும்போதெல்லாம், அவன் கோட்டையின் பீரங்கிகளை எடுத்துச் சென்றதையும் நம் மக்கள் பெருமையோடு சேர்த்தே சொல்கிறார்கள். 1996 யூலையில் அதே முல்லைத்தீவில் இராணுவ முகாம் வீழ்ந்தபோது புலிகள் இரண்டு 122 மில்லிமீற்றர் ஆட்லறிகளைக் கைப்பற்றினார்கள். அந்த இரண்டு ஆட்லறிகளும் அன்றைய வெற்றியின் அடையாளமாகவே பேசப்பட்டன. ஆகவே எடுத்ததும் காட்டியதும் ஒரு தரப்பின் தனிக்குற்றம் ஆகாது. ஆனால் வழமை என்பது ஒரு செயலை விளக்குமே தவிர, அதை வரலாறாக்கிவிடாது. கற்சிலைமடுவில் நடப்பட்டிருந்த கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1803 ஒக்ரோபர் 31ஆம் திகதி பண்டாரவன்னியனை இவ்விடத்தருகே தோற்கடித்தார் என்று கப்டன் வொன் டிறிபேர்க்கின் பெயரை அது சொன்னது. இடம், நாள், வென்றவர் பெயர் எல்லாம் அதில் இருந்தன. தோற்றவனோடு நின்றவர்கள் யார், எதைக் கொண்டு போரிட்டார்கள், ஏன் போரிட்டார்கள் என்பவற்றுக்கு அதில் இடமிருக்கவில்லை. வெற்றிச் சின்னம் எப்போதும் பாதி ஆவணம்தான்.

மற்றப் பாதியை மீட்க முடியும் என்பதற்கு யப்பானே எடுத்துக்காட்டு. அந்த நாட்டில் வாள்கள் மூன்று தடவை பெருமளவில் மக்களின் கையை விட்டுப் போயின. 1588இல் தொயொதோமி ஹிதெயோஷி விவசாயிகளிடமிருந்த வாள்களைப் பறிக்க ஆணையிட்டார். பெரிய புத்தர் ஆலயம் ஒன்றுக்கு ஆணி செய்ய இந்த இரும்பு பயன்படும், கொடுப்பவருக்குப் புண்ணியம் என்று அந்த ஆணை சொன்னது. 1876இல் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் தரிப்பதைத் தடைசெய்தது. வருமானம் இழந்த சாமுராய்க் குடும்பங்களின் வாள்களும் அவற்றின் அணிகளும் ஐரோப்பிய, அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடம் போய்ச் சேர்ந்தன. மூன்றாவது தடவை 1945. இந்தக் கதையில் இலங்கைக்கும் ஒரு பங்குண்டு. பேராதனையில் தலைமையகம் வைத்துத் தென்கிழக்காசியப் போரை நடத்திய மவுண்ட்பேற்றன், யப்பானிய அதிகாரிகள் தங்கள் துருப்புகள் பார்த்திருக்க வாளை நேரில் ஒப்படைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். தோல்வியை அவர்கள் மறுக்க முடியாமற் செய்வதே அவருடைய நோக்கம். யப்பானின் தென்பகுதிப் படைகளின் தளபதி தெராவுச்சி தன் வாள்களை 1945 நவம்பர் 30இல் சைகோனில் அவரிடம் கொடுத்தார். யப்பானுக்குள்ளேயோ எல்லா வாள்களையும் ஒப்படைக்கும்படி அமெரிக்க ஆட்சி கட்டளையிட்டது. நாட்டின் தலைசிறந்த வாள்களில் ஒன்றாகக் கருதப்பட்ட ஹொஞ்சோ மசமுனே அப்படி ஒரு பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டு, பின்னர் அமெரிக்கப் படையினரின் கைக்குப் போய், இன்றுவரை கிடைக்கவில்லை. ஒழுங்கான பற்றுச்சீட்டு இல்லாமற் போனால் ஒரு தேசியச் செல்வமும் காற்றில் கரைந்துவிடும்.

அந்த நேரத்தில் ஹொன்மா ஜுன்ஜி போன்ற அறிஞர்கள் அமெரிக்க அதிகாரிகளிடம் போய் வாதாடினார்கள். வாள்களைப் பிரித்துப் பாருங்கள், இதற்குள் நூற்றாண்டுகளின் கைவினை இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார்கள். தோக்கியோவின் அகபனேயில் குவிக்கப்பட்டிருந்தவற்றிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வாள்கள் அவ்வாறு தப்பின. 1948இல் வாள் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியது. 1958இன் சட்டம் ஒவ்வொரு கலை வாளுக்கும் பதிவுச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. உரியவர் அறியப்படாத அகபனே வாள்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை 1999இல் நாடெங்கும் உள்ள நூதனசாலைகளுக்குப் பங்கிடப்பட்டன. தோற்ற நாடு தன் ஆயுதத்தைச் சான்றுப் பொருளாக மீட்டுக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மறுபக்கத்தில், அமெரிக்கச் சிப்பாய்கள் நினைவுப்பொருளாக வீட்டுக்குக் கொண்டுபோன பிஸ்டல்களுக்கும் வாள்களுக்கும் மேலதிகாரி கையெழுத்திட்ட அனுமதித்தாள் கொடுக்கப்பட்டது. அந்தத் தாளோடு வரும் பிஸ்டலுக்கு இன்று விலை கூட. கொண்டுபோனவனின் பெயரும் படைப்பிரிவும் அதில் இருக்கும். இழந்தவனின் பெயர் இருப்பது அரிது. அரைச் சான்றுக்கே இத்தனை மதிப்பென்றால், முழுச் சான்றின் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை.

சான்றில்லாமற் போனால் என்ன நடக்கும் என்பதைத் தமிழர் தஞ்சாவூரிலேயே பார்த்துவிட்டார்கள். 1855இல் கடைசி மராட்டிய அரசர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தபின் அரண்மனையின் ஆயுதசாலை பிரித்தானியர் வசமானது. வாள்கள், கட்டாரிகள், அங்குசங்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த தென்னாட்டு உருக்கு வேலையின் பெரும் களஞ்சியம் அது. அதில் ஒரு பங்கு சென்னை நூதனசாலைக்கும் வெளிநாடுகளுக்கும் போனது. பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. அந்த அழிவை வால்ஹவுஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1878இல் எழுதி வைத்திருக்காவிட்டால், எதை இழந்தோம் என்பதுகூட நமக்குச் சரியாகத் தெரியாமற் போயிருக்கும்.

இலங்கை அரசுக்கு இந்த உண்மை நன்றாகத் தெரியும். 1765இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக்கின் படை கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது, லெவ்கே திசாவையின் பெயர் பொறித்த அழகிய பீரங்கி ஒன்று எடுத்துச் செல்லப்பட்டு, பின்னாளில் அம்ஸ்ரடாமின் றைக்ஸ் நூதனசாலையில் காட்சிப்பொருளானது. அது பரிசா, கொள்ளையா என்ற ஐயம் நெடுங்காலம் நீடித்தது. இரு நாட்டு ஆய்வாளர்களும் பூர்வீகத்தை ஆராய்ந்து கொள்ளை என்று நிறுவிய பிறகே, 2023இல் அந்தப் பீரங்கியும் பொன், வெள்ளி வேலைப்பாடுள்ள வாள்களும் ஒரு கத்தியும் இரண்டு பெருந்துவக்குகளும் கொழும்புக்குத் திரும்பி வந்தன. தோற்ற அரசனின் ஆயுதம் எப்படிப் பறிபோனது என்ற ஆவணம் அந்தத் தேசத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று கொழும்பு உலகத்துக்குச் சொன்னது. சரியாகவே சொன்னது. அதே அளவுகோலால் புதுக்குடியிருப்பையும் அளக்க வேண்டும் என்று கேட்பது நியாயம். அந்நியப் படை கொள்ளையிட்டதும் ஒரு அரசு தன் நாட்டுக்குள் கைப்பற்றியதும் சட்டத்தில் ஒன்றல்ல என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆயுதங்களைத் திருப்பித் தரும்படி இங்கே யாரும் கேட்கவில்லை. உரிமை யாருடையதாயினும், பூர்வீகத்தைப் பதிவுசெய்யும் கடமை வைத்திருப்பவருடையது.

யப்பானிய வாள் கலைப்பொருள், வன்னிப் பட்டறையில் வெல்டிங் செய்த குழாய்க்கு அந்தத் தகுதி ஏது என்று இன்னொருவர் கேட்கலாம். கலை என்ற தகுதி வாள்களுக்கே 1945க்குப் பின் வாதாடிப் பெற்ற பாதுகாப்பு என்பதை அவர் நினைக்க வேண்டும். தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்த இராணுவ வாள்களுக்கு யப்பானிலே இன்றும் பதிவு கிடையாது. வன்னியின் இரும்புக்கு உள்ள பெறுமதி அழகைப் பற்றியதல்ல. 1990க்குப் பின் வன்னி பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் எல்லாம் தடைப்பட்ட பட்டியலில் இருந்தன. அந்த நிலத்தில் பசீலன் 2000 போன்ற மோட்டாரை எப்படிச் செய்தார்கள், படகின் உடலுக்கு இழைநார் எங்கிருந்து வந்தது, உழவு இயந்திரம் திருத்திய கை எப்போது ஆயுதம் செய்யப் போனது என்பவை ஒரு சமூகம் போருக்குள் எப்படி இழுக்கப்பட்டது என்ற பொருளியல் வரலாறு. அதைப் படிக்க அந்த இரும்பை விட்டால் நமக்குக் கிடைக்கும் சான்று மிகச் சொற்பம்.

ஆயுதத்தைப் பேணினால் வன்முறையைப் போற்றியதாகிவிடும், உருக்கிவிடுவதே நல்லது என்ற எண்ணத்தை நான் இலேசாகத் தள்ளவில்லை. பிள்ளைகளைப் போருக்குக் கொடுத்த மண்ணில் அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் எதை அழிப்பது, எதை வைப்பது என்று இங்கே முடிவெடுத்தவர்கள் அந்த அச்சம் கொண்டவர்கள் அல்ல. புலிகளின் தலைவர் பிரபாகரனின் நிலக்கீழ் பங்கர் சில காலம் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டப்பட்டு, 2013 ஒக்ரோபரில் இராணுவத்தால் தகர்க்கப்பட்டது. புலிகள் தம் இறந்தோரை அடக்கிய மாவீரர் துயிலும் இல்லங்கள் இடித்து மட்டமாக்கப்பட்டன. ஆயுதங்கள் மட்டும் நின்றன. இறந்தவர்களின் பெயர்கள் போய், அவர்கள் பிடித்த இரும்பு மட்டும் காட்சியில் நிற்பதுதான் உண்மையில் ஆயுதத்தைப் போற்றுவது. துவக்குக்குப் பக்கத்தில் அதைச் செய்தவனின், சுமந்தவளின், அதனால் இறந்த சிப்பாயின், இடையில் சிக்கிய குடும்பத்தின் வரலாறு நின்றால், பார்ப்பவருக்கு அதன் மினுக்கம் தெரியாது, விலை தெரியும்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. 2017 முதல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீதியோரம் பந்தல் போட்டுக் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி இருக்கும் தாய்மாருக்கு முன்னால் இரும்பின் பூர்வீகம் பேசுவது தகுமா? மனிதரின் கணக்கு முதலில் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் இரண்டும் ஒரே வழியாற்றான் வெளிவருகின்றன. 2023இல் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் புதைக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வந்தன. அவற்றோடு கிடந்த உடைகளும் சிறு பொருள்களும் கிடந்த இடத்திலேயே பதிவுசெய்யப்பட்டதால்தான் ஆய்வாளர்களால் எதையாவது சொல்ல முடிந்தது. எந்த நாளில், எந்த மண்ணில், எவரிடமிருந்து ஒரு பொருள் எடுக்கப்பட்டது என்ற ஒரு வரி, சில வேளை ஒரு மனிதர் கடைசியாக எங்கே நின்றார் என்பதற்கும் சாட்சியாகலாம். இராணுவத்திடம் உள்ள கைப்பற்றல் பதிவுகளை அந்தக் கண்ணோடு திறக்க வேண்டும்.

செய்யக் கூடியவை கடினமானவை அல்ல. புதுக்குடியிருப்பிலும் ஏனைய முகாம்களிலும் வைத்திருக்கும் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் இலக்கம், கைப்பற்றிய இடம், நாள், செய்த பட்டறை, பொருள், தொழில்நுட்பம் ஆகியவற்றோடு மூன்று மொழியிலும் ஒரு பட்டியல் தேவை. அதை இராணுவத்திடமிருந்து பல்கலைக்கழக வரலாற்றாசிரியர்களும் தொல்பொருளியலாளர்களும் உள்ள பொது நிறுவனம் ஒன்றுக்கு மாற்ற வேண்டும். அந்த ஆயுதங்களோடு வாழ்ந்த வன்னி மக்கள், இப்போது உயிரோடு இருக்கும்போதே, அச்சமின்றி வாக்குமூலம் தர வழி வேண்டும். நம் பக்கத்திலும் கடமை உண்டு. நாம் எடுத்த பீரங்கிகளையும் ஆட்லறிகளையும், அவற்றைக் காத்து மடிந்த மறுபக்கத்து இளைஞர்களையும் அதே நேர்மையோடு எழுத வேண்டும். கண்டிப் பீரங்கி திரும்பி வர இருநூற்று ஐம்பத்தெட்டு ஆண்டுகள் சென்றன; அதைச் செய்தவரையும் இழந்தவரையும் தாள்களில் தேடித்தான் கண்டெடுத்தார்கள். புதுக்குடியிருப்பின் இரும்பைச் செய்தவர்களில், பிடித்தவர்களில், அதன் முன்னால் ஓடியவர்களில் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்காமல் இந்தத் தலைமுறையைக் கடத்திவிட்டால், பின்னால் வரும் எந்த ஆய்வாலும் அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது.