பிடி அரிசியும் காணிக்கையும்: திருநெல்வேலித் திருச்சபையின் நிதி வரலாறு

தென்னிந்தியச் சீர்திருத்தத் திருச்சபை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய நிதியில் உருவானது. அடுத்த இரு நூற்றாண்டுகளில் அது உள்ளூர் மக்களின் காணிக்கையால் தன் போதகர்களைத் தாங்கும் நிலையை அடைந்தது. பிற பகுதிகளுக்குத் தானே ஊழியர்களை அனுப்பவும் தொடங்கியது. இம்மாற்றத்தில் திருநெல்வேலிப் பகுதிக்கு முக்கிய இடம் உண்டு. பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியோடு, சபையில் முடிவெடுப்பவர் யார் என்ற கேள்வியும் இவ்வரலாறு முழுவதும் இணைந்தே வருகிறது.

விவிலியப் பின்புலம்

பழைய ஏற்பாட்டில் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு லேவியருக்கும் ஆலயப் பணிக்கும் உரியது. இது தசமபாகம் எனப்பட்டது. புதிய ஏற்பாட்டில் பவுல், எருசலேமின் ஏழைக் கிறிஸ்தவர்களுக்காகப் பிற ஊர்ச் சபைகளில் நிதி திரட்டினார். வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்கு ஏற்பச் சேர்த்துவைக்கும்படி கொரிந்து சபைக்கு எழுதினார். ஒழுங்காகக் கொடுத்தல், வசதிக்குத் தக்கபடி கொடுத்தல், மனமுவந்து கொடுத்தல் ஆகிய மூன்றும் பிற்காலக் காணிக்கைப் போதனையின் அடிப்படைகளாயின.

ஐரோப்பிய நிதி

சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடிக்கு வந்தனர். அவர்களை அனுப்பியவர் டென்மார்க்கின் அரசர் நான்காம் பிரெடரிக். ஜெர்மனியின் ஹாலே நகரப் பக்தி இயக்கத்தினரும், லண்டனிலிருந்த எஸ்.பி.சி.கே. சங்கமும் பணமும் பொருளும் அனுப்பினர். தரங்கம்பாடியில் தமிழ் நூல்களை அச்சிட்ட அச்சகமும் இத்தகைய நன்கொடைகளால் அமைந்ததே. மிஷனரிகள் அனுப்பிய கடிதங்களையும் அறிக்கைகளையும் படித்த ஐரோப்பியர் மேலும் நன்கொடை அளித்தனர்.

திருநெல்வேலியின் சில ஊர்ப்பெயர்கள் இன்றும் கொடையாளர் பட்டியல் போல விளங்குகின்றன. சாயர்புரம் என்ற ஊர், அதற்கு நிலம் கிடைக்கச் செய்த சாமுவேல் சாயர் என்ற வணிகரின் பெயரைக் கொண்டது. பிரஷ்யப் பிரபுவான டோனா அளித்த பணத்தைக் கொண்டு 1827இல் ரேனியஸ் புலியூர்க்குறிச்சியில் நிலம் வாங்கினார். அவ்வூர் டோனாவூர் ஆயிற்று.

உள்ளூர்க் கொடையின் தொடக்கம்

பாளையங்கோட்டையில் முதல் சீர்திருத்தச் சபை தோன்றக் காரணமானவர் குளோரிந்தா. தஞ்சை மராத்தியப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த கைம்பெண். 1778இல் சுவார்ட்ஸிடம் திருமுழுக்குப் பெற்றார். அவர் முயன்று கட்டிய கோயிலை 1785இல் சுவார்ட்ஸ் பிரதிஷ்டை செய்தார். அது பாப்பாத்தியம்மாள் கோயில் என்று அழைக்கப்பட்டது. திருநெல்வேலித் திருச்சபையின் கொடை வரலாறு இவ்வாறு ஒரு பெண்ணிலிருந்து தொடங்குகிறது.

அடுத்து வந்தது தனிநபர் கொடை அல்ல, கூட்டு நிதி. மதம் மாறியவர்கள் பலர் பிறர் நிலத்தில் குடியிருந்தனர். நிலவுடைமையாளர் வெறுத்தால் அவர்கள் வீட்டை இழக்க நேர்ந்தது. 1799இல் தாவீது சுந்தரானந்தம் உருவாக்கிய முதலூர் இத்தகையோருக்கு அடைக்கலமாக எழுந்த குடியிருப்பு. 1830இல் ரேனியஸ் தர்ம சங்கத்தைத் தொடங்கினார். கிறிஸ்தவர்களிடமும் நண்பர்களிடமும் பணம் திரட்டி, நிலம் வாங்கிக் குடியிருப்புகளை அமைப்பது அதன் நோக்கம். காணிக்கை இங்கே வழிபாட்டுச் செலவுக்கு அப்பால் சென்றது. ஓர் ஏழைக் குடும்பம் அச்சமின்றிக் குடியிருக்கும் மனையாக அது மாறியது.

தற்சார்புக் கொள்கை

லண்டனில் சி.எம்.எஸ். சங்கத்தின் செயலாளராக 1841 முதல் பணியாற்றிய ஹென்றி வென், உள்ளூர்ச் சபைகள் தம்மைத் தாமே தாங்கவும், ஆளவும், பரப்பவும் வேண்டும் என்று வலியுறுத்தினார். சபை நிலைபெற்றதும் மிஷன் சங்கம் விலகிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. இதன்படி திருநெல்வேலியில் சபை மன்றங்கள் அமைக்கப்பட்டன. உள்ளூர்ப் போதகர்களின் ஊதியப் பொறுப்பு சிறிது சிறிதாகச் சபையாரிடம் வந்தது.

ஆனால் தாங்கும் பொறுப்பு வந்த வேகத்தில் ஆளும் உரிமை வரவில்லை. இந்த மனக்குறை முன்னரே வெளிப்பட்டிருந்தது. 1857இல் நாசரேத் பகுதியில் அருமைநாயகம் என்ற சட்டம்பிள்ளை மிஷனரிகளின் ஆதிக்கத்தை எதிர்த்துப் பிரிந்து இந்து கிறிஸ்தவ சபையை உருவாக்கினார். ஐரோப்பியத் தலைமை இன்றியே அது நடந்தது. தற்சார்பை மிஷன் சங்கம் ஒரு திட்டமாக முன்வைத்தது. சட்டம்பிள்ளை அதைத் தன்மானமாகக் கண்டார்.

காணிக்கை முறைகள்

திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் பனையேறிகளும் கூலி உழவர்களும் ஆவர். அவர்களிடம் காசுப் புழக்கம் குறைவு. பனைத் தொழிலில் வரவு ஆண்டில் சில மாதங்களுக்கு மட்டுமே. எனவே காணிக்கை அவர்கள் வாழ்க்கைக்கு ஏற்ற வடிவங்களை எடுத்தது.

பிடி அரிசி: உலையில் போட அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பது. சேர்ந்த அரிசியைக் கோயிலுக்குக் கொண்டுவருவர். அதை விற்ற பணம் ஊழியத்துக்குச் செல்லும். வீட்டுப் பணம் ஆண்கள் கையில் இருந்த காலத்தில் அடுப்படி பெண்கள் பொறுப்பில் இருந்தது. ஆகவே பெண்கள் யாரிடமும் கேளாமல் தாமே கொடுக்கக்கூடிய காணிக்கையாக இது அமைந்தது.

அறுப்பின் பண்டிகை: நெல், கருப்பட்டி, தேங்காய், கோழி, காய்கறி முதலியவற்றின் முதற்பலனைப் படைத்து ஏலம் விடுவது. ஏலம் எடுத்தவர் அப்பொருளை மீண்டும் கோயிலுக்கே கொடுக்க, மறுபடி ஏலம் விடுவதும் உண்டு.

சங்கக் காணிக்கை: சபை உறுப்பினர் ஒவ்வொருவரும் குறித்த காலத்தில் செலுத்தும் தொகை.

ஸ்தோத்திரக் காணிக்கை: பிறந்தநாள், திருமணம், நோயிலிருந்து சுகம் போன்றவற்றுக்கு நன்றியாகக் கொடுப்பது.

அசனம்: சபையார் பொருள் சேர்த்துச் சமைத்து அனைவரும் ஒன்றாக உண்ணும் விருந்து.

யாழ்ப்பாணத்தின் தூண்டுதல்

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தாமே நிதி சேர்த்து, கடல் கடந்து தமிழகத்தின் தொண்டிப் பகுதியில் ஊழியம் நடத்திவந்ததை அறிந்தார். எண்ணிக்கையில் அவர்களைவிடப் பெரியது திருநெல்வேலித் திருச்சபை. அதற்கு அத்தகைய வெளியூர்ப் பணி இல்லையே என்ற எண்ணம் அவரை வருத்தியது.

1903 பிப்ரவரி 12இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டது. இந்திய ஊழியர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. ஹைதராபாத் நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த டோர்ணக்கல் அதன் பணிக்களமாயிற்று. பனங்காட்டு ஊர்களின் காணிக்கை தெலுங்கு நாட்டில் ஊழியத்தைத் தாங்கியது. 1905 டிசம்பர் 25இல் செராம்பூரில் இதே நோக்குடன் அனைத்திந்திய அளவில் தேசிய மிஷனரி சங்கம் உருவானது. அதிலும் அசரியா பங்கேற்றார்.

1909இல் அசரியா தாமே டோர்ணக்கல்லுக்குச் சென்றார். 1912 டிசம்பர் 29இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அங்கு அவர் காலத்தில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். ஏழைகளுக்குக் கொடுக்க எதுவும் இல்லை என்று சொல்வது அவர்களைத் தாழ்த்துவதாகும் என்பது அசரியாவின் நிலைப்பாடு. பெறுபவராக மட்டுமே நடத்தப்பட்டவர் கொடுப்பவராகும்போது சபையில் சமநிலை பெறுகிறார் என்று அவர் கருதினார். கிறிஸ்தவக் கொடை பற்றித் தனி நூலும் எழுதினார்.

மதிப்பீடு

தற்சார்பு முழுமையானதல்ல. போதகர் ஊதியத்தையும் நற்செய்திப் பணியையும் காணிக்கை தாங்கியது. பள்ளி, கல்லூரி, மருத்துவமனைகளுக்கு வெளிநாட்டு நிதியும் அரசு மானியமும் நீண்ட காலம் தேவைப்பட்டன. சந்தாவும் பண்டிகைக் காணிக்கையும் கட்டாயம் போல ஆகும்போது வறியவர்க்குச் சுமையாகின்றன. அதிகம் கொடுப்பவருக்குச் சபை நிர்வாகத்தில் அதிகச் செல்வாக்கு கிடைப்பதும் உண்டு. ஒரு காலத்தில் வெளிநாட்டுச் சங்கங்களை நோக்கி எழுப்பப்பட்ட கேள்வி இன்று உள்ளூர் நிர்வாகத்தையும் நோக்கி நிற்கிறது. வெளிப்படையான கணக்கு அதற்கு முதல் பதிலாகும்.

எனினும், பிறர் தர்மத்தில் வாழும் சபை என்ற பெயரைத் திருநெல்வேலி மாற்றிக்கொண்டது பெருங்கொடையாளர்களால் மட்டுமல்ல. பிடி அரிசியை ஒதுக்கிவைத்த, பெயர் பதிவாகாத பெண்களும் அவ்வரலாற்றின் கொடையாளர்களே.