எண்சுவடியும் சிறுநிரலும்

அன்றாடக் கணக்கை ஒவ்வொரு முறையும் அடிமுதல் ஆராய்ந்து செய்வார் எவருமிலர். ஒருவர் கண்ட வழியைச் சுருங்கிய விதியாக்கிப் பலரும் கையாளுதலே உலகியல்பு. கணினித்துறையில் அத்தகைய விதிகள் சிறுநிரல்கள் எனப்பெறும். பெயர்களை வரிசைப்படுத்தல், சொல்லின் எழுத்துக்களை எண்ணல் முதலிய பணிகளுக்கெனச் சில வரிகளில் எழுதிவைத்து, வேண்டும்போது எடுத்தாளப்படுவன அவை. கருவி புதிதாயினும் வழக்கம் பழையதே.

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் மாணாக்கர் எண்சுவடியை மனனஞ் செய்தனர். காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் நிலம், நெல், பொன் ஆகியவற்றின் அளவைகளுக்குச் செய்யுள் வடிவில் விதிகள் தந்தது. பலாப்பழத்தைப் பிளவாமலே சுளைத்தொகை காணும் விதியும் அந்நூலில் உண்டு. காம்பருகேயுள்ள முட்களை எண்ணி, 6ஆற் பெருக்கி, 5ஆல் வகுத்தல் வேண்டும். முள் 100 ஆயின் சுளை 120 என்பது கணக்கு. கொடுப்பது இது, செய்வது இது, பெறுவது இது என வரையறுத்தமையின், இதனைச் செய்யுளில் அமைந்த சிறுநிரல் எனலாம்.

மேனாட்டில் இவ்வழக்கம் கணினியோடு உடன்பிறந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினி 1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் இயங்கத் தொடங்கியது. அடிக்கடி வேண்டப்படும் கணக்குகளுக்குரிய நிரல்களை அங்குள்ளோர் துளையிட்ட காகித நாடாக்களிற் பதித்து, நூலகம்போற் பேணினர். வில்க்ஸ், வீலர், கில் என்னும் மூவரும் அவற்றை விளக்கி 1951இல் நூலொன்றும் வெளியிட்டனர்.

ஆயின், ஆங்கில எழுத்துக்கு வகுத்த விதி தமிழெழுத்துக்கு அப்படியே பொருந்துமோ? ‘மட்டக்களப்பு’ என்னும் பெயரை நோக்குக. அதில் எழுத்துக்கள் 8. ஒருங்குறி முறையிலோ புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகளாக வைக்கப்பெறுவதால், பொதுவான எண்ணுநிரல் 12 என விடை தரும். வரிசைப்படுத்தலிலும் இடர்ப்பாடு உண்டு. கரடியனாறு, கல்லடி, களுவாஞ்சிகுடி, கன்னங்குடா என்பதே நெடுங்கணக்கு முறை. ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்றலின், குறியீட்டெண்ணை மட்டும் நோக்கும் நிரல் கன்னங்குடாவை முதலில் வைக்கும். மாணவர் பதிவேட்டிலோ நூலகப் பட்டியலிலோ இவ்வாறு நேரின், உள்ள பெயரையே இல்லையென்று கருதித் தேடுவோர் திரும்புவர்.

இதற்குத் தீர்வும் சில வரிகளே. மெய்யை அடுத்துவரும் குறியை அதனோடு சேர்த்து ஓரெழுத்தாகக் கொள்ளவேண்டும். ஒவ்வோரெழுத்துக்கும் நெடுங்கணக்கிற்குரிய வரிசையெண் அளித்து, அவ்வெண்ணால் ஒப்பிடவேண்டும். பைதான் மொழியில் அமைந்த ‘ஓப்பன் தமிழ்’ என்னும் நிரற்றொகுதி இத்தகைய பணிகளை எவரும் எடுத்தாளுமாறு தொகுத்துத் தருகின்றது.

மட்டக்களப்பு வாவியின் தெற்கே, காரைதீவில் 1892இல் தோன்றிய விபுலாநந்த அடிகள் அறிவியலும் தமிழும் ஒருங்கே கற்றவர். 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அறிவியலைத் தமிழிற் சொல்லுதல் அவர் காலத்துப் பணி. தமிழின் இலக்கணத்தைக் கணினிக்கு உணர்த்துதல் இக்காலத்துப் பணி. பிறர் வகுத்த விதியைக் கடன்கொள்ளுதல் குற்றமன்று. தன் மொழிக்கு அது பொருந்துமா என உரைத்துப் பாராமையே குற்றமாம்.