கரையில் ஸ்டார்ட் ஆகுது, கடலில் நிற்குது... பழைய அவுட்போர்டு மோட்டாருக்கு என்ன பிரச்னை? ரப்பர் பல்ப்பை அழுத்திப் பாருங்க!

கரையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். ஐடிலில் சமத்தாக ஓடும். அலையைத் தாண்டி த்ராட்டிலைத் திருகினால் போதும்... தும்மும், திணறும், அப்படியே நின்றுவிடும். மறுபடி கயிற்றை இழுத்தால் 2 நிமிடம் ஓடிவிட்டு மறுபடி படுத்துக்கும். அப்பா காலத்து மோட்டாரை வைத்து ஓட்டுபவர்களுக்கும், செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கும் இது நல்லாவே தெரிந்த கதைதான்.

கரையில் யாரைக் கேட்டாலும், ``கார்புரேட்டரைக் கழட்டுப்பா" என்பார்கள். அவசரப்படாதீங்க. அது கடைசி வேலை. எரிபொருள் டேங்கிலிருந்து கிளம்பி இன்ஜினுக்குள் போகும் வழியிலேயே தேடிக்கொண்டு போனால், பல நேரம் ஸ்பேனரை எடுக்காமலேயே ஆளைப் பிடித்துவிடலாம். (இங்கே பேசுவது 2 ஸ்ட்ரோக் அவுட்போர்டு பற்றி மட்டும். நீள வால் வைத்த டீசல் இன்ஜின் தனிக் கதை.)

`நின்னா நிக்கட்டும், இழுத்து ஓட்டிக்கலாம்' என்று மட்டும் விடக் கூடாது. எரிபொருளிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றும் பழைய 2 ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குத் தனியாக ஆயில் கிடையாது. எரிபொருள் குறைந்தால் ஆயிலும் குறையும். அரைகுறையாகக் குடித்துக்கொண்டு ஃபுல் த்ராட்டிலில் ஓடும் மோட்டார் சூடேறி, பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். ஒரு ரப்பர் டியூபில் முடிய வேண்டிய செலவு, போர் வேலை வரை இழுத்துவிடும்.

பல்ப் சொல்வதைக் கேளுங்க

டேங்கிலிருந்து வரும் டியூபின் நடுவே, கைக்கு அடக்கமாக ஒரு ரப்பர் பல்ப் இருக்கும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் அழுத்துவோமே, அதுதான். அதன் மேல் இருக்கும் அம்புக்குறி இன்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும். அழுத்தும்போது அம்புக்குறி மேலே பார்க்கிற மாதிரி பிடித்தால், உள்ளே இருக்கும் வால்வுகள் ஒழுங்காக உட்காரும். சில அழுத்தலிலேயே பல்ப் கல் மாதிரி ஆகணும்.

எவ்வளவு அழுத்தினாலும் கெட்டியாகவில்லையா? எங்கேயோ காற்று இழுக்கிறது. வெயிலில் காய்ந்து வெடித்த டியூப், தளர்ந்த கிளாம்ப், இன்ஜினில் மாட்டும் கனெக்டருக்குள் தேய்ந்துபோன ஓ ரிங், பல்ப்புக்குள் இருக்கும் வால்வு... இந்த நான்கையும் பாருங்கள். காற்று உள்ளே இழுக்கிற ஓட்டையில் எரிபொருள் வெளியே கசியணும்னு அவசியமில்லை. அதனால் `ஈரமே இல்லையே' என்று ஏமாந்துவிடாதீர்கள். கார்புரேட்டர் பக்கம் பெட்ரோல் வாசனை குப்பென்று அடித்தால் மட்டும் கதை வேறு. மிதவை ஊசி மூடாமல் எரிபொருள் நிரம்பி வழிகிறது.

ஓடும்போது பல்ப் சப்பையாக உள்ளே ஒட்டிக்கொண்டால், அடைப்பு டேங்க் பக்கம். முதலில் பார்க்க வேண்டியது, டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகு. அதைத் திறக்க மறந்தால் உள்ளே வெற்றிடம் உருவாகி, இன்ஜின் எவ்வளவு உறிஞ்சினாலும் எதுவும் வராது. பழைய மூடிகளில் திருகு திறந்திருந்தாலும் உப்பும் துருவும் துளையை அடைத்திருக்கும். மூடியையே கொஞ்சம் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்க. சரியானால் வியாதி புரிந்துவிட்டது. சரியாகலையா? டேங்குக்குள் இறங்கும் குழாயின் நுனி வலையைச் சுத்தம் செய்யணும்.

இன்ஜின் திணறும்போது கையால் பல்ப்பை அழுத்திக்கொண்டே இருந்தால் நன்றாக ஓடுகிறதா? அப்படியானால், டியூபில் காற்று இழுக்கிறது அல்லது எரிபொருள் பம்ப் சோர்ந்துவிட்டது. எது என்று பிரிக்க, பக்கத்துப் படகின் நல்ல டேங்க், டியூபை 10 நிமிடம் கடன் வாங்கி மாட்டுங்கள். அதிலும் திணறினால், பம்ப்தான். அதற்குள் இருப்பது ஒரு மெல்லிய ஜவ்வு. கிராங்க்கேஸில் மாறி மாறி வரும் அழுத்தத்தில் துடித்து எரிபொருளை இழுக்கும். வருஷக்கணக்கில் துடித்து விறைத்துப்போயிருக்கும், அல்லது ஊசித்துளை விழுந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். பம்ப்பை மாற்ற வேண்டாம், கிட் போட்டால் போதும்.

பல்ப்பும் கெட்டி, இன்ஜினும் நிற்கிறதா? இப்போது ஃபில்டர், அதன் பிறகு கார்புரேட்டர். ஓடும்போது சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். சத்தம் தெளிந்தால் எரிபொருள் பற்றவில்லை, ஜெட் அடைத்திருக்கிறது. ஜெட்டைக் கம்பியால் குத்தாதீங்க. அந்தத் துளை ஒரு நூல் பெரிதானாலும் கலவைக் கணக்கே மாறிடும். கிளீனர் ஸ்பிரேவும் காற்றும் போதும். சோக்கால் மாற்றமே இல்லை, சூடானால் மட்டும் நிற்கிறது என்றால் காயில் பக்கம் போங்க.

பாட்டிலில் ஒரு டெஸ்ட்

கண்ணாடி பாட்டிலில் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எரிபொருள் பிடித்து கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனிப் படலம் தெரிந்தால் தண்ணீர். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். போதாததற்கு, பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீங்க. டியூபை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுவது நல்லது.

கன்னியாகுமரி பக்கம் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டும் மோட்டார்கள் உண்டு. குளிர்ந்த இன்ஜினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. அதனால், கரைக்கு வருவதற்குச் சில நிமிடங்கள் முன்பே பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டரில் இருக்கும் மண்ணெண்ணெயைத் தீர்த்துவிட வேண்டும். மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால், மறுநாள் விடியற்காலையில் கை வலிக்க இழுக்க வேண்டியதுதான். பிளக்கும் நனைந்திருக்கும், எல்லோரும் பிளக்கைத் திட்டுவார்கள்!

ஆயில் அளவுக்குக் கையேடுதான் சட்டம். 50-க்கு 1 என்றிருந்தால், லிட்டருக்கு 20 மி.லி. ரொம்பப் பழைய மோட்டார்கள் சிலவற்றுக்கு இதைவிடக் கூடுதலாக வேண்டும். பைக் ஆயில் வேண்டாம், டி.சி.டபிள்யூ.3 என்று போட்டிருக்கும் மரைன் ஆயிலே ஊற்றுங்க.

இந்தச் சோதனைகளைக் கரையிலேயே, புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் கால் தண்ணீர் டிரம்மில் மூழ்கியிருக்கும்படி வைத்துச் செய்யுங்கள். தண்ணீரில்லாமல் ஓட்டினால் கூலிங் பம்ப்பின் ரப்பர் இறக்கை போய்விடும். டியூபைக் கழற்றும் முன் இன்ஜினை அணைத்துவிடுங்க. பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது. கடலில் நின்றுவிட்டால், மூடியைத் திறப்பதற்கு முன் நங்கூரத்தைப் போடுங்க. நீரோட்டம் உங்களுக்காகக் காத்திருக்காது. சரியாகவில்லை என்றால் கடலோரக் காவல் படையின் 1554-க்கு அழைக்கலாம். சிக்னல் கிடைக்காத தூரம் போகிறவர்கள் வி.ஹெச்.எஃப் செட்டில் 16-ம் சேனலில் கூப்பிடணும்.