இலக்கத்துக்கும் பெயருக்கும் இடையே

2016ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஓரிரவு பத்து மணிக்கு ஸ்கார்பரோவில் இருக்கும் என் சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, இன்ரநெற் கொம்பனியிலயிருந்து ஒரு ஈமெயில் வந்திருக்கு. நான் ஏதோ இங்கிலிஸ் படத்தைக் களவா இறக்கிப்போட்டனாம். காசு கட்டச் சொல்லிக் கிடக்கு. நான் சீரியலைத் தவிர ஒண்டும் பாக்கிறேல்லை. கட்டிப்போட்டு நிம்மதியா இருப்பமோ?" என்று கேட்டார்.

அவர் வீட்டு இணைய இணைப்பு அவர் பெயரில் இருக்கிறது. நிலவறையில் இரண்டு மாணவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். கடவுச்சொல் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டப்பட்டிருக்கும். வந்து போகும் பெறாமக்கள் எல்லாருக்கும் அது பாடம். சித்தப்பா கொம்பனியை அழைத்து, முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்டுக் காத்திருந்திருக்கிறார். கடைசியில் பேசிய பிள்ளை, 'நாங்கள் வந்ததை உங்களுக்கு அனுப்பினோம், அவ்வளவுதான்' என்று சொல்லி வைத்துவிட்டாள். கடன் அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் என்னை அழைத்தார். அட்டையை உள்ளே வைக்கச் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும், அதன் பிறகு இந்த விடயத்தில் கனடிய நீதிமன்றங்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன என்பதையும் எழுதி வைக்கலாம் என்று தோன்றுகிறது. இதே கடிதம் எங்கள் ஆட்கள் பலருடைய வீட்டுக்கும் வந்திருக்கிறது.

முதலில் தெரிய வேண்டியது, படக் கொம்பனிக்குச் சித்தப்பாவைத் தெரியாது என்பதுதான். அவர்களிடம் இருப்பது ஒரு ஐ.பி. இலக்கம் மட்டும். கோப்புகளைப் பரிமாறும் இடங்களில் எந்த இலக்கம் எந்த நேரத்தில் நின்றது என்று கண்காணிக்கிறார்கள். அந்த இலக்கம் அந்த நேரத்தில் யாருடைய கணக்குக்குக் கொடுக்கப்பட்டிருந்தது என்பது இணைய நிறுவனத்தின் பதிவேட்டில் மட்டுமே இருக்கும். இலக்கத்துக்கும் பெயருக்கும் இடையில் உள்ள ஒரே கதவு அதுதான். இசைக் கொம்பனி, படக் கொம்பனி, பொலிஸ் என்று எல்லாரும் கடந்த இருபது வருடங்களாகத் தட்டிக்கொண்டிருப்பது அந்தக் கதவைத்தான்.

முதலில் தட்டியவர்கள் இசைக் கொம்பனிகள். 2004இல், பாடல்களைப் பகிர்ந்ததாக 29 பேரின் பெயர்களைக் கேட்டு பி.எம்.ஜி. முதலியவை சமஷ்டி நீதிமன்றம் சென்றன. ஷா, ரெலஸ், ரோஜர்ஸ், பெல், வீடியோற்ரோன் ஆகிய ஐந்து நிறுவனங்களிடம் பெயர்கள் இருந்தன. அந்த ஆண்டு மார்ச் 31இல் நீதிபதி கொன்ராட் வொன் ஃபின்கென்ஸ்ரைன் கொடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தார். இலக்கத்தையும் புனைபெயரையும் இணைக்கும் சான்று பலவீனமானது என்றதோடு இன்னொன்றும் சொன்னார். நூலகம் ஒன்று புத்தகங்கள் நிறைந்த அறையில் பிரதியெடுக்கும் இயந்திரத்தை வைப்பதற்கும், ஒருவர் தன் கணினியின் பகிரும் பகுதியில் பாடலை வைப்பதற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்றார்.

அந்த நூலக உதாரணம் சும்மா வந்ததல்ல. ரொறன்ரோ குயீன் வீதியில், நேதன் பிலிப்ஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில், இரும்பு வேலிக்குள் நிற்கும் ஒஸ்குட் ஹோலைப் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள சட்டத்தரணிகளின் பெரு நூலகம் கேட்பவர்களுக்குத் தீர்ப்புகளைப் பிரதியெடுத்துக் கொடுத்து வந்தது. அதற்கு எதிராகச் சட்டநூல் பதிப்பாளர்கள் 1993இல் தொடுத்த வழக்கு, 2004 மார்ச் 4இல் உச்ச நீதிமன்றத்தில் நூலகத்துக்குச் சார்பாக முடிந்தது. பதிப்புரிமைச் சட்டத்தில் படைப்பாளிக்கு மட்டுமல்ல, பயன்படுத்துபவருக்கும் உரிமை உண்டு என்று ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பு அது.

இசை வழக்கு மேன்முறையீட்டுக்குப் போனது. 2005 மே மாதத்தில் அதுவும் தள்ளுபடியானாலும், பகிர்ந்தது குற்றமா இல்லையா என்று அந்தக் கட்டத்திலேயே சொல்லியிருக்கக் கூடாது என்ற நீதிமன்றம், உண்மையான உரிமைக்கோரிக்கை இருந்தால் பெயர்களைப் பெற வழியுண்டு என்று கதவைச் சற்றே திறந்து வைத்தது. இதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். நானும் எழுதுகிறவன். இருநூறு பிரதி விற்காத ஒரு புத்தகத்தை முழுதாகப் படமெடுத்து ஆயிரம் பேருக்கு அனுப்பிவிட்டு, 'உங்களை எல்லாருக்கும் அறிமுகப்படுத்தினேன்' என்று சொல்லும் அன்பர்களை எனக்கும் தெரியும்.

சித்தப்பாவுக்கு வந்த கடிதத்தின் வேர் 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது. 2015 ஜனவரி 2 முதல் நடைமுறைக்கு வந்த பிரிவு அது. உரிமையாளர் முறைப்பாடு அனுப்பினால் இணைய நிறுவனம் அதை உரிய வாடிக்கையாளருக்கு அனுப்பியே ஆகவேண்டும். பெயரைக் கொடுக்க வேண்டியதில்லை. பதிவை ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். வழக்குத் தொடுத்தால் ஒரு வருடம். அமெரிக்காவில் கடிதத்தைக் கண்டதும் உள்ளடக்கத்தை நீக்க வேண்டியிருக்கும். கனடாவின் முறை அதைவிட மென்மையானது.

ஆனால் சட்டம் எழுதியவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். கடிதத்துக்குள் என்ன எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. முதல் மாதத்திலேயே, ஒன்றரை இலட்சம் டொலர் வரை தண்டம் வரும் என்று மிரட்டும் கடிதங்கள் வரத் தொடங்கின. அது அமெரிக்கச் சட்டத்தின் தொகை. இங்கே வணிக நோக்கமில்லாத மீறலுக்கு ஒரு வழக்கில் 100 முதல் 5,000 டொலர் வரைதான். ஒட்டாவாப் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் மைக்கல் கைஸ்ற் இதை உடனேயே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அப்படியிருந்தும், பணம் கேட்கும் கடிதங்களை அனுப்பக்கூடாது என்ற திருத்தம் 2018 டிசம்பரில்தான் நிறைவேறியது. இடையில் நான்கு வருடங்கள். ஆங்கிலத்தில் வந்த கடிதம் என்பதற்காகவே பயந்து எத்தனை பேர் கட்டினார்களோ.

எங்களுக்குக் கடிதம் என்றால் ஏன் இவ்வளவு பயம் என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். 1983 ஆடியில் கொழும்பில் வந்தவர்கள் வாக்காளர் பட்டியலோடு வந்தார்கள். எந்த வீட்டில் யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. பிறகு அதே நகரத்தில், வீட்டில் தங்கும் தமிழரின் பெயரைப் பொலிசில் பதிந்தாக வேண்டிய காலமும் வந்தது. அப்படி வந்தவர்களுக்குப் பட்டியல் யார் கையில் இருக்கிறது என்பது சின்னக் கேள்வியல்ல.

இங்கே பொலிசாருக்கு அந்தக் கதவு பல காலம் பூட்டப்படாமலே இருந்தது. 2000ஆம் ஆண்டின் தனியார்துறை அந்தரங்கச் சட்டத்தில் 'சட்டபூர்வ அதிகாரம்' என்ற சொற்றொடர் இருக்கிறது. அதன்படி நீதிபதியிடம் போகாமலே பெயர் கேட்கலாம் என்று பொலிசும் நிறுவனங்களும் விளங்கிக்கொண்டன. 2011இல் மட்டும் அரச அமைப்புகளிடமிருந்து ஏறத்தாழ 12 இலட்சம் கோரிக்கைகள் வந்தன என்பது 2014 வசந்தத்தில் வெளிவந்தது. ரோஜர்ஸ் தன் முதல் அறிக்கையில் 2013இல் தனக்கு வந்தவை 174,917 என்றது. 2012 பெப்ரவரியில் இதற்குச் சட்ட வடிவம் கொடுக்க முயன்ற அமைச்சர் விக் ரேவ்ஸ், எதிர்ப்பவர்கள் சிறுவர் ஆபாசக்காரர்களின் பக்கம் நிற்பவர்கள் என்ற பொருளில் பாராளுமன்றத்தில் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். மறுவருடம் அந்த மசோதா கைவிடப்பட்டது.

கதவுக்குப் பூட்டுப் போட்டது 2014 ஜூன் 13இன் ஸ்பென்சர் தீர்ப்பு. சஸ்கற்றூனில் ஒரு இளைஞர் சிறுவர் ஆபாசப் படங்களை இறக்கினார். இணைப்பு அவருடைய அக்காவின் பெயரில் இருந்தது. பொலிசார் ஆணையில்லாமல் ஷா நிறுவனத்திடம் பெயர் வாங்கினார்கள். அது சாசனத்துக்கு முரணான தேடுதல் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. இணையத்தில் பெயரில்லாமல் இருப்பதும் அந்தரங்கத்தின் ஒரு பகுதி என்பது அதன் மையம். குற்றவாளி தப்பவில்லை, சான்று ஏற்கப்பட்டு, தண்டனைத் தீர்ப்பு நிலைத்தது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், இந்தத் தீர்ப்பைக் குற்றவாளிகளைக் காப்பாற்றிய தீர்ப்பு என்று பேசுபவர்களை இன்றும் சந்திக்கிறேன்.

எங்களுக்கு மிகக் கிட்டிய வழக்கு பிரம்ரனில் நடந்தது. 2014இல் நகைக்கடைக் கொள்ளைகளை விசாரித்த பீல் பிராந்தியப் பொலிசார், குறித்த நேரங்களில் குறித்த கோபுரங்களோடு தொடர்புகொண்ட எல்லாக் கைத்தொலைபேசிகளின் விபரத்தையும் கேட்டு நீதிமன்ற ஆணை பெற்றார்கள். கடன் அட்டை, கட்டண விபரமும் அதற்குள் அடக்கம். 40,000க்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களின் விபரம் அது. அந்த நேரத்தில் அப்பக்கமாகப் பேருந்தில் போன நாங்கள் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருந்திருப்போம். ரோஜர்சும் ரெலசும் எதிர்த்து வழக்காடின. பொலிசார் ஆணையை மீளப்பெற்றும் வழக்கு நின்றுவிடவில்லை. 2016 ஜனவரியில் நீதிபதி ஜோன் ஸ்புறோற் அந்த ஆணைகள் சாசனத்தை மீறுபவை என்று அறிவித்து, இனிமேல் எவ்வளவு குறுக்கிக் கேட்கவேண்டும் என்று வழிகாட்டலும் எழுதினார். தொலைபேசிக் கட்டணத்துக்காக மாதாமாதம் நான் திட்டும் நிறுவனங்கள் அன்று எனக்காக நீதிமன்றத்தில் நின்றன என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதே ரோஜர்ஸ் 2023 ஏப்ரலில் ஷாவை விழுங்கியது. ஸ்பென்சர் வழக்கின் பதிவேடும் பீல் வழக்கின் பதிவேடும் இப்போது ஒரே வீட்டில்.

படக் கொம்பனிகள் பக்கத்திலும் கதை நகர்ந்தது. வோல்ரேஜ் பிக்சர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் பதிவிறக்கியவர்களைக் குழுவாகப் பிரதிவாதிகளாக்க முனைந்து, ரோஜர்சிடம் முதலில் ஒரே ஒரு பெயரைக் கேட்டது. பெயரைத் தேடித்தர மணிக்கு நூறு டொலர் வேண்டும் என்றது ரோஜர்ஸ். அந்த ஒரு கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டம் ஏற்கெனவே விதித்த வேலைக்கு மேற்பட்ட வேலைக்கு நியாயமான செலவைக் கேட்கலாம் என்று 2018 செப்ரெம்பர் 14இல் தீர்ப்பானது. வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைக் காத்தது இங்கே கொள்கையல்ல, கூலி. ஆயிரக்கணக்கில் பெயர் கேட்பவருக்கு அந்தக் கூலி சிறிய தொகையல்ல.

சித்தப்பாவைப் போன்றவர்களுக்கு முக்கியமானது அதே நிறுவனத்தின் வேறொரு வழக்கு. கடிதங்களுக்குப் பதில் தராமல், வழக்குக்கும் வராமல் இருந்த கணக்காளர்களுக்கு எதிராக அது தீர்ப்புக் கேட்டது. இணைப்பு ஒருவர் பெயரில் இருக்கிறது, அறிவித்தல் வந்திருக்கிறது என்பவை மட்டும் அவரைக் குற்றவாளியாக்கப் போதாது என்று சமஷ்டி நீதிமன்றம் 2022இலும், மேன்முறையீட்டு நீதிமன்றம் 2023இலும் மறுத்துவிட்டன. இதை வைத்து வழக்கே வராது என்று இருந்துவிடக் கூடாது. நீதிமன்றத்தின் பெயரும் இலக்கமும் இட்ட வழக்குப் பத்திரம் வந்தால் அது வேறு. சட்டத்தரணியிடம் போகத்தான் வேண்டும்.

2024 மார்ச் 1இல் வந்த பைகோவெற்ஸ் தீர்ப்பு, பெயரை மட்டுமல்ல, இலக்கத்தைக் கேட்பதற்கே ஆணை வேண்டும் என்றது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்துக்கு நான்கு. கல்கரிப் பொலிசார் ஒரு மதுக்கடை மோசடி விசாரணையில், அட்டைக் கொடுப்பனவுகளைக் கையாளும் மொனெரிஸ் நிறுவனத்திடம் ஆணையின்றி இலக்கங்களைப் பெற்ற வழக்கு அது. பதினைந்து மாதம் கழித்து, 2025 ஜூனில், எல்லைப் பாதுகாப்பு என்ற பெயரில் அரசு கொண்டுவந்த சீ-2 மசோதாவில், ஒருவருக்குச் சேவை வழங்கினீர்களா என்பது போன்ற விபரங்களை ஆணையின்றிக் கேட்கும் அதிகாரம் மறுபடி தலைகாட்டியது. எதிர்ப்பு எழ, ஒக்ரோபரில் எல்லை, குடிவரவு விடயங்கள் பலவற்றை வேறு மசோதாவாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆணையில்லாமல் கேட்கும் பகுதி அந்தப் புதிய மசோதாவில் சேர்க்கப்படவில்லை.

சித்தப்பா பணம் கட்டவில்லை. மாணவர்களிடமும் ஒன்றும் கேட்கவில்லை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்த துண்டை மட்டும் கழற்றினார். பிறகு பெறாமக்கள் வந்து கேட்கும்போதெல்லாம் கடவுச்சொல்லை அவரே சொல்ல வேண்டியிருந்ததால், அடுத்த தைப்பொங்கலுக்கு நான் போனபோது அது திரும்பவும் கதவில் இருந்தது.